இரும்பைச் செரிக்கிற துப்பாக்கி

இரும்பு செரிக்கிற துப்பாக்கி கடையில கிடைக்காதுன்னு ஒருத்தர் சொன்னாரு மாமா. என்கிட்ட இல்ல. எனக்குப் பின்னாடி நின்னு உப்பும் தூண்டில் நரம்பும் வாங்கிட்டிருந்தாரு. கூட வந்த ஆள்கிட்ட பேச்சுவாக்குல சொன்னது, என் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் கடைக்காரப் பையன் என்ன பேசினாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேக்குது. அதான் நேரா இங்க வந்துட்டேன். சொல்லாம வந்ததுக்குத் தப்பா நினைக்காதீங்க.

இல்ல, அந்த நாற்காலி வேண்டாம். நான் இப்படி ஜன்னலப் பார்த்து உக்காந்துக்கறேன். குஸ்மா அண்ணனோட லாரி வந்தா தெரியணும்ல. மதியம் கிளம்பறேன்னு சொல்லியிருக்காரு. வந்து ஒரு தடவ ஹாரன் அடிப்பாரு. ரெண்டாவது தடவ அடிக்கற வழக்கம் அவருக்குக் கிடையாது, உங்களுக்கே தெரியும். போன வருஷம் பெத்த தாயையே விட்டுட்டுப் போயிட்டாராம், செருப்பு தேடிட்டிருந்தாங்கன்னு.

டீ போதும் மாமா. பாதி ஊத்துங்க. ரொட்டி வேண்டாம், ஆஸ்பத்... ஓட்டல்ல சாப்பிட்டேன். உங்க முட்டி இப்ப எப்படி இருக்கு? படி ஏறலாமா? அப்படியேதான் இருக்கா. சரி.

அத்தை தச்ச ரோம பூட்ஸ் இன்னும் அந்த ஆணியிலேயேதான் தொங்குதா. தூசி படிஞ்சிருக்கு. நான் வேணா தட்டி வெச்சுட்டுப் போகட்டா? சரி, சரி. தொடல.

என்ன விஷயம்னா, ஒரு துப்பாக்கி எடுக்கணும். பெர்மிட் தாள் என் பேர்ல வாங்கிட்டேன், அதுல ஒண்ணும் சிக்கல் இல்ல. எங்க அண்ணன்தான் சொல்லி அனுப்பினான். அவனப் பத்தித் தெரியும்ல, ஊசி வாங்கினாக்கூட கண்ணுகிட்ட வெச்சுப் பார்ப்பான். நல்லா இருக்கான், நல்லா இருக்கான். அண்ணியும் நல்லா இருக்காங்க. அவங்க பொண்ணு ஸினாவுக்கு முன்பல்லு ரெண்டு விழுந்திருச்சு, அதுக்கு ஒரே பெருமை.

எங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான் மாமா. இரும்புக் கூடு வெச்ச தோட்டாவ எத்தன போட்டாலும், சுட்ட கூட்ட மாட்டாம வெளிய துப்பணும். பனிமான் மேய்க்கற சங்கத்துல ஓநாய் விரட்டன்னு குடுக்கறது அது மட்டும்தான், அந்தக் குட்டையான பட்டாளத் தோட்டா, பச்சை வார்னிஷ் பூசினது. கூடாரத்துல மூணு பெட்டி முழுசா இருக்கு. பித்தளைத் தோட்டாவ நம்மளால கட்டுபடி பண்ண முடியுமா? ஒண்ணு சுட்டா ஒரு வேளைச் சாப்பாடு போச்சுன்னு அண்ணி சொல்லுவாங்க. சுடறதுக்குப் பதிலா நீ அந்த ரொட்டியவே தூக்கி எறிஞ்சிருக்கலாமேன்னு அண்ணனக் கிண்டல் பண்ணுவாங்க.

கடைக்காரப் பையன் இருக்கானே, சின்ன வயசு, ரஷ்யப் பையன், மீசை இப்பத்தான் முளைக்குது. என்னப் பார்த்ததும் கல்யாணப் பரிசா, இல்ல மாப்பிள்ளைய மிரட்டவான்னு கேட்டான். எனக்குக் காது சுட்டுப் போச்சு. நான் யார்கிட்டயும் பேசற ஆளா மாமா? யாகுட்ஸ்க் பட்டணத்துல அஞ்சு வருஷம் படிச்சேன், மான் வைத்தியம். வகுப்புல என் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. நீ துப்பாக்கி கேக்கறதுக்குள்ள கடைய மூடிருவான் வார்யா, வாயத் தொறந்து கேளுன்னு அண்ணி சொல்லித்தான் அனுப்பினாங்க. அதனால தொறந்தேன். இரும்புத் தோட்டா போடணும்னு சொன்னேன். எதைச் சுடன்னு கேட்டான். நான் பெரியவர்னு சொன்னேன். அவனுக்குப் புரியல. கையால இப்படிக் காட்டினேன், தோள் அகலத்த. ஓ, கரடியான்னு கடையே கேக்கற மாதிரிச் சொன்னான். நான் தரையப் பார்த்துகிட்டேன். அவங்களுக்கு அப்படிப் பேர் சொல்றது ஒண்ணும் இல்ல. பெரியவர் காதுல விழும்னு அவங்க நினைக்கறதில்ல.

ஆமா மாமா. இந்த வருஷம் அவரு தூங்கப் போகல. மலைச்சரிவுல ஒரு மரத்துலயும் கொட்டை இல்ல, ஆத்துல மீனும் ஏறல. கொழுப்பு ஏறாம எப்படிப் படுப்பாரு? ஆத்துல பனிக்கட்டி லாரி தாங்கற அளவுக்கு ஆயிருச்சு, இன்னும் நடந்துட்டே இருக்காரு. கால்தடத்துல விலா எலும்பு உரசின கோடு தெரியும்னு அண்ணி சொல்றாங்க. அவங்க மிகைப்படுத்துவாங்க, ஆனா பொய் சொல்ல மாட்டாங்க. நாலு மான் போயிருச்சு. அதுல ஒண்ணு ஸினா பேர் வெச்ச மான்.

அதனாலதான் சரியா எடுக்கணும். எனக்கு ரெண்டாவது தடவ வந்து மாத்திட்டுப் போக நேரம் இல்ல.

சொல்றேன் கேளுங்க, கடையில மூணு இருந்துச்சு.

ஒண்ணு வெளிநாட்டுது. வால்நட் கட்டை, எண்ணெய் தேச்சு கண்ணாடி மாதிரி. அதை நான் கையிலயே வாங்கல. ஏன்னு உங்களுக்குத் தெரியும். எங்க வீட்டுல இருக்கறதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருந்துச்சு.

அடுத்தது கறுப்பு பிளாஸ்டிக் கட்டை வெச்சது, பட்டாளத்து மாடல். நம்ம தோட்டா அளவேதான். அது எதை வேணா திங்கும், துருப்பிடிச்ச ஆணிய போட்டாலும் துப்பும்னான் பையன். குழலுக்குள்ள குரோம் பூசியிருக்கு, தோட்டா உக்கார்ற அறையும் கொஞ்சம் தாராளமா இருக்கு. அதான் வேணும், இல்லியா? நீங்களே சொல்லுவீங்கல்ல. பித்தளை சுட்டதும் உப்பி மறுபடி சுருங்கிரும், இரும்பு உப்பினா உப்பினபடியே அறைச் சுவத்தப் பிடிச்சுக்கும். அறை இறுக்கமா இருந்தா வராது. விலை கேட்டேன். அப்புறம் வேற ஒண்ணும் கேக்கல. இருக்கற மானுல பாதிய வித்தா வாங்கலாம், ஆனா அப்ப எதைக் காக்கறதுக்கு வாங்கறதுன்னு ஆயிரும்.

மூணாவது பழசு. யாரோ வித்துட்டுப் போன நீளத் துப்பாக்கி, போர்க்காலத்து மாடல், தோட்டாவ உள்ள தள்ளற போல்ட்ட உள்ளங்கையால தட்டித் தொறக்கணும். அதுக்கு விலை பரவால்ல. அது நீளத் தோட்டாதான் எடுக்கும், சங்கத்துப் பெட்டி உதவாது, ஆனா அந்த அளவுலயும் இரும்புத் தோட்டா மலிவாத்தான் கிடைக்குது. நான் போல்ட்ட வெளிய எடுத்துப் பார்த்தேன். காலிக்கூட்ட இழுக்கற கொக்கி இருக்குல்ல, அதுல நகத்த வெச்சு இழுத்துப் பார்த்தேன். வழுக்குச்சு. முனை மழுங்கி, கூழாங்கல்லு மாதிரி ஆயிருந்துச்சு. பையன் என்னையே பார்த்துட்டிருந்தான். யாரு இதெல்லாம் சொல்லித் தந்தாங்கன்னு கேட்டான். யாரும் சொல்லித் தரல, நடந்துச்சுன்னு சொன்னேன்.

அதுவும் வேண்டாங்கறீங்களா. தலைய ஆட்டறீங்க. கொக்கி வழுக்கினா வேண்டாம்தான். ஆனா அதையும் வேண்டாம்னா, நான் என்னத்த எடுத்துட்டுப் போறது மாமா? வெறும் கையோட போனா அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்க ஒண்ணும் சொல்லாம இருந்து நான் பார்த்ததே இல்ல. அதுதான் பயமா இருக்கு.

இந்தாங்க. இதப் பாருங்க. பாக்கெட்லயே வெச்சுட்டுத் திரியறேன். காலிக்கூடுதான். பின்னாடி விளிம்பப் பாருங்க, ஒரு பக்கம் பிஞ்சு வந்திருக்கு. கொக்கி அதைப் பிய்ச்சிருக்கு, கூடு அசையல. குழல் வாய் வழியா கம்பிய விட்டு, சுத்தியால அடிச்சு வெளிய எடுத்தது நான். ஆமா, நான்தான். அண்ணன் வேற வேலையா... அப்ப அவனுக்குக் கை ஒழியல.

அந்த மாஸ்கோக்காரர் குடுத்த துப்பாக்கிதான். எட்வார்டு. அவரு நல்ல மனுஷன், அவரத் தப்பு சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி அண்ணன்தான் அவர மலைக்குக் கூட்டிட்டுப் போனான். பத்து நாள் கழிச்சு ஒரு பெரிய எல்க் மான் கிடைச்சுச்சு, அவரு அது பக்கத்துல உக்காந்து அழுதாராம். கிளம்பறப்ப தோள்லேருந்து கழட்டி அண்ணன் தோள்ல மாட்டி விட்டுட்டாரு. ஒரு டப்பா பித்தளைத் தோட்டாவும். பரிசு வேண்டாம்னு சொல்ற வழக்கம் நம்மகிட்ட இல்லையே. திருப்பிக் குடுத்தா முகத்துல துப்பின மாதிரி. விக்கவும் கூடாது. அவன் என்ன செய்வான், வாங்கிகிட்டான். ஒண்ணு கைக்கு வந்தா ஒண்ணு கைய விட்டுப் போகணும்ல. அந்த வாரமே, அதுவரைக்கும் வெச்சிருந்த பழைய கார்பைன, அந்தக் குட்டைத் துப்பாக்கிய, வேற ஒரு கைக்குக் குடுத்துட்டான்.

நல்ல கைக்குத்தான் போச்சு. அதப் பத்திப் பேச நான் வரல.

கடைக்காரப் பையன்கிட்ட இதச் சொல்லியிருக்கக் கூடாது. ஏற்கெனவே என்ன வெச்சிருந்தீங்கன்னு கேட்டான், வாய் தவறி வந்துருச்சு. பழைய பட்டாளக் கார்பைன், முனையில இருந்த மடக்குக் கத்தி கழட்டினதுன்னு. அவன் கண்ணு விரிஞ்சுச்சு. அது இருந்தா உங்களுக்கு வேற எதுக்குன்னான். அண்ணன் குடுத்துட்டான்னு சொன்னேன். எவ்வளவுக்குன்னான். சும்மான்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான் மாமா. இரும்ப மிட்டாய் மாதிரி முழுங்கற துப்பாக்கியத் தானம் பண்ணிட்டு, பித்தளை கேக்கற மகாராணியக் கட்டிட்டு வந்தீங்களான்னு. உங்க ஆளுங்களத் தவிர உலகத்துல எவனும் இந்தத் தப்பச் செய்ய மாட்டான்னான். அப்புறம், போய்த் திருப்பிக் கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானேன்னான், ஏதோ இரவல் குடுத்த பாத்திரம் மாதிரி. எப்படிக் கேக்கறது? குடுத்தத கேக்கற வாய்க்கு அப்புறம் யாரு குடுப்பாங்க? எங்கப்பா இருந்திருந்தா என்ன வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு.

இல்ல, குளிரல மாமா. டீ சூடா இருக்கு.

இந்தக் கையுறையா? ஜோடி மாறிருச்சு. இடது என்னுது. வலது அண்ணனோடது, பெருசா இருக்கு, விரல் எல்லாம் உள்ள நீந்துது. என்னோட வலது எங்கயோ விழுந்துருச்சு, அவசரத்துல. பரவால்ல. சூடாத்தான் இருக்கு.

எங்க விட்டேன். ஆங், தோட்டா. பித்தளை டப்பா ஒரு வருஷம்கூட வரல. தீர்ந்ததும் அதே அளவுல இரும்பு வாங்கிப் போட்டான். முதல்ல பத்து இருபது ஒழுங்கா வந்துச்சு. மரத்துல குறி வெச்சுப் பார்க்கறப்ப எதுவும் மாட்டாது, கவனிச்சிருக்கீங்களா? வெயில் அடிக்கும், கை சூடா இருக்கும், அவசரம் இருக்காது. ஒரு தடவ மாட்டிச்சு. ஒரே ஒரு தடவ. அறைக்குள்ள கரி படிஞ்சிருக்கும், துடைச்சா சரியாயிரும்னு சொன்னான். துடைச்சான். சரியாத்தான் இருந்துச்சு. எனக்கு மட்டும் அந்தப் போல்ட் திரும்பற சத்தம் பிடிக்கல. நான் சொல்லவும் செஞ்சேன். உனக்கு எந்தச் சத்தம்தான் பிடிச்சிருக்கு வார்யா, கல்யாண வீட்டுல பாட்டுப் போட்டாலே காதப் பொத்திக்கறவளாச்சேன்னு சிரிச்சான்.

இப்ப கூடாரத்துல என்ன இருக்குங்கறீங்களா. ரெட்டைக் குழல் இருக்கு, பறவை சுடற சிறு குண்டு. அது பெரியவரோட தோல்ல மழை மாதிரி. அந்த மகாராணியும் இருக்கு, கொக்கி முறிஞ்சு. நாய் ஒண்ணுதான் இருக்கு, கறுப்பு. மத்தது இல்ல. அவரு கிட்ட வராம இருக்க அண்ணி பானைய அடிச்சுட்டே இருக்காங்க. ராத்திரின்னா பரவால்ல மாமா, இவரு பட்டப்பகல்ல வர்றாரு. நான் ஹெலிகாப்டர்ல ஏறறப்ப ஸினா கையில கரண்டி இருந்துச்சு. அவளும் அடிக்கறா. விளையாட்டுன்னு நினைச்சுட்டிருக்கா. அம்மா நிறுத்தினா நீ அடி, நீ நிறுத்தினா அம்மா அடிப்பேன்னு அண்ணி சொல்லிக் குடுத்திருக்காங்க. இன்னைக்கோட நாலாவது நாள்.

ஆமா, ஹெலிகாப்டர்தான்.

தெரியும் மாமா. நம்ம கூடாரத்துக்கு யாரும் துப்பாக்கி வாங்கறதுக்காக ஹெலிகாப்டர் அனுப்ப மாட்டாங்க. கூட ஒருத்தர்தான் ஏறலாம்னு சொன்னாங்க. நீ போ, எனக்கு ரஷ்யன் பேசினா கோபம் வரும், டாக்டர் கூடச் சண்டை போட்டுருவேன்னு அண்ணி சொன்னாங்க. அவங்க சொன்ன காரணம் அது. மானுகள விட்டுட்டு ரெண்டு பேரும் வர முடியாதுங்கறத அவங்க சொல்லல. ஸினாவையாவது ஏத்தி விடுங்கன்னு கெஞ்சினேன். இடம் இல்லன்னுட்டாங்க. படுக்கை போட்டதும் உள்ள இடமே இல்ல, உண்மையாவே இல்ல. என் முழங்கால் மேலதான் அந்த மருந்துப் பை தொங்குச்சு.

நீங்க கேக்கறீங்க, நான் சுத்திச் சுத்திப் போறேன். சுடப்போறது யாருன்னுதானே. அண்ணனுக்கு எந்த உயரத்துக்குக் கட்டை வேணும்னு பார்க்கணும்னு கேக்கறீங்க. அண்ணன் உயரத்துக்கு வேண்டாம் மாமா. என் உயரத்துக்குத்தான்.

அந்தக் கையுறை அவனுக்கு இனிமே தேவப்படாது. இடதத்தான் கேட்டான், நேத்து, கண்ணு முழிச்சதும். இடத எனக்கு வெச்சுட்டு வலத நீ போட்டுக்கோ, உன்னோடது தொலைஞ்சுருச்சுல்லன்னு. அத அவன் கவனிச்சிருக்கான் பாருங்க. அந்த நிலையில.

இங்கதான் இருக்கான், ரெண்டு தெரு தள்ளி, மாவட்ட ஆஸ்பத்திரியில. நல்லாப் பார்த்துக்கறாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. நல்லா இருக்கான்னு சொன்னது பொய் இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கான். வலது கை முழங்கைக்குக் கீழ இல்ல, அவ்வளவுதான். முதல் குண்டு பெரியவரோட தோள்ல பட்டுச்சு. ரெண்டாவதுக்கு போல்ட் தொறக்கல. கையுறையக் கழட்டிப் போட்டுட்டு உள்ளங்கையால தட்டினான், கால வெச்சு உதைச்சான். நான் மான் பட்டியில நின்னுட்டிருந்தேன். அந்தத் தட்டற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு, யாரோ கதவ தட்டற மாதிரி. அப்புறம் அவரு பாய்ஞ்சாரு, நாய் குறுக்க போச்சு, பழுப்பு நாய். அதனாலதான் கையோட போச்சு.

உக்காருங்க மாமா. இதுக்காகத்தான் நான் சொல்லல. சொன்னா நீங்க இப்படி ஆயிருவீங்கன்னு தெரியும். சொல்றதும் திருப்பிக் கேக்கறதும் ஒண்ணுதானே. அண்ணன் கண்டிப்பாச் சொன்னான், புரோகோப்பி மாமா வீட்டுப் பக்கம் போகாத வார்யான்னு. போனாலும் எதையும் சொல்லாதன்னு. அத்தை நோவுச் செலவுக்கு அவரு தன்னோடத வித்தாரு, துப்பாக்கி இல்லாத வீடா இருக்கக் கூடாதுன்னு நான் அந்தக் கார்பைனக் குடுத்தேன், அது இனி அவரோடதுன்னு சொன்னான். நான் சத்தியமும் பண்ணினேன். அதான் ஜன்னலப் பார்த்து உக்காந்தேன். அந்த மூலை என் முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும்னு. அங்க துப்பாக்கி பூட்டற இரும்புப் பெட்டி இருக்குன்னு எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தா கண்ணே கேட்டுரும்.

கடையில அந்த ஆள் சொன்னதுல நான் உங்களுக்குப் பாதியத்தான் சொன்னேன். இரும்பு செரிக்கிற துப்பாக்கி கடையில கிடைக்காது, அதெல்லாம் ஜனங்க வீட்டுப் பெட்டிக்குள்ள பூட்டித் தூங்குதுன்னாரு. அவரு பாட்டுக்குச் சொல்லிட்டு உப்ப வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் அந்த நீளத் துப்பாக்கிய கையில வெச்சுகிட்டு நின்னேன். நான் வாழ்க்கையில சுட்டிருக்கறது ஒரே ஒரு துப்பாக்கிதான் மாமா. அப்பாவோட அந்தக் கார்பைன், பன்னெண்டு வயசுல சுடக் கையில தந்தாரு. கட்டையில கன்னம் வெக்கற இடத்துல ஒரு சிராய்ப்பு இருக்கும், அது என் பல்லு பட்டது. வேற எதையும் எனக்குத் தூக்கவே தெரியாது. மூணு குண்டு தொடர்ந்து சுட்டு, மூணு இரும்புக் கூடும் வலது பக்கம் பனியில விழுந்து புஸ்ஸுன்னு ஆவி வர்றத நான் அதுல மட்டும்தான் பார்த்திருக்கேன்.

அவ்வளவுதான். பேசிட்டேன். நான் கேக்கல. கேக்க வரல. எந்த மாதிரிக் கொக்கி நல்லதுன்னு கேக்கத்தான் வந்தேன், சொல்லிட்டீங்க. அந்த நீளத்தையே எடுத்துக்கறேன். போல்ட் கொக்கிய இங்க பட்டறையில யாராச்சும் அரத்தால ராவித் தருவாங்களான்னு பார்க்கறேன், லாரி வர்றதுக்குள்ள. முடியலன்னா கூடாரத்துல நானே ராவிக்கறேன். மான் குளம்பு ராவற அரம் இருக்கு. டீ நல்லா இருந்துச்சு மாமா.

இப்ப எதுக்கு எந்திரிக்கிறீங்க? முட்டி வலிக்கப் போகுது.

அடுப்பு நல்லாத்தான் எரியுது. விறகு போட வேண்டாம். ரொட்டியப் பிச்சு... மாமா, நெருப்புக்கு எதுக்குப் பங்கு வெக்கறீங்க இப்ப? காட்டுக்குக் கிளம்பறவங்கதானே வெப்பாங்க. எனக்காக வெக்கறீங்களா. வெண்ணெயுமா. சரி. வெய்யுங்க. நல்லதுதான்.

நான் திரும்பல மாமா. சாவிச் சத்தம் கேக்குது. நான் திரும்பல.

வேண்டாம் மாமா. அத என் கையில குடுக்காதீங்க. அண்ணன் குடுத்தது எங்க கூடாரத்துக்குத் திரும்பி வந்தா அவன் அந்த மிச்சக் கையாலயும் ஒண்ணும் வாங்க மாட்டான். உங்களுக்கும் அவமானம், அவனுக்கும் அவமானம். நான் வாங்க மாட்டேன். நீட்டினாலும் கைய மடிச்சுக்குவேன். சொல்லிட்டேன்.

நீட்டலையா. அப்ப என்ன பண்றீங்க?

மண்ணெண்ணெய் வாசனை வருது. போல்ட்ட துடைக்கறீங்களா. எண்ணெய் பூரா எடுத்துரணும், ஆமா. ஒரு சொட்டு இருந்தாலும் வெளிய உறைஞ்சு பசை மாதிரி ஆயிரும். துணி என் கையில இருக்கு, இந்தக் கைக்குட்டை, இதக் கிழிச்சுக்கங்க. பின்னாடி நீட்டறேன், பிடிச்சுக்கங்க. வீட்டுச் சூட்டுல இருந்து எடுத்துட்டுப் போனா வேர்க்கும், லாரிக்குள்ள வெக்கக் கூடாது, வெளிய பின்பக்கம் கட்டணும். உங்களுக்குத் தெரியாததா. நான் சும்மா பேசறேன்.

ஹாரன் சத்தம். குஸ்மா அண்ணன் வந்துட்டாரு. அடிச்சுட்டாரு மாமா.

நான் போகணும். கடைக்கு இனிமே நேரமில்ல. நான்... மாமா, துப்பாக்கிய உங்க தோள்லயே மாட்டிருக்கீங்க. அந்த பூட்ஸ எதுக்கு எடுக்கறீங்க? அத்தை போனதுக்கு அப்புறம் அத ஆணியிலேருந்து எடுத்ததே இல்லன்னு... முட்டிய மடக்க முடியாதுல்ல உங்களால. லாரிக்கு அப்புறம் பனிவண்டியில ஒரு நாள் போகணும். குனியாதீங்க. நான் பிடிக்கறேன், கால நீட்டுங்க. இது இடது. கயித்த ரெண்டு சுத்து சுத்தணுமா, மூணா?

கிளம்பறாரு. எஞ்சின் சத்தம் மாறுது, கியர் போட்டுட்டாரு. மாமா, நீங்க இன்னொன்ன மாட்டுங்க, நான் கதவத் தொறக்கறேன்.

குஸ்மா அண்ணே. குஸ்மா அண்ணே, நில்லுங்க. எங்க மாமா பூட்ஸ் மாட்டிட்டிருக்காரு.